நாயின் கண்ணும் நமது கண்ணும்

(எமது சங்கத்தின் குளிர்கால ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஏதாவது பயனுள்ள விசயம் பற்றிக் கொஞ்ச நேரம் பேச வேண்டும் என்று செயலாளர் அண்ணை என்னைக் கேட்டார். "நீர் ஏ.எல். பயோ படிச்சனீர்தானே, வடிவாக் கதைப்பீர்" என்றும் சொன்னார். படித்தது உண்மைதான். 2008இல் யாழ்ப்பாணத்தில் உயிரியல் பிரிவில் உயர்தரப் பரீட்சை எழுதினேன். பல்கலைக்கழகம் போகப் புள்ளி காணவில்லை. பிறகு நாட்டு நிலைமை உங்களுக்குத் தெரியும். 2011இல் இந்தச் சுவீடன் நாட்டுக்கு அகதியாக வந்தேன். இன்று வாகனங்களுக்கு வயர்க்கட்டுச் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் சோதனை மேசையில் நிற்கிறேன். ஆகவே டொக்டர் பேசுகிறார் என்று நினைக்காதீர்கள். மீற்றர் பிடிக்கிற ஒரு தொழிலாளி, தான் கண்ணால் கண்டதையும் பிறகு தேடி வாசித்ததையும் சொல்கிறான் என்று கேளுங்கள்.

நாய்க்கு எப்படிக் கண் சோதிக்கிறார்கள் என்பதுதான் என்ரை தலைப்பு. சிரிக்கிறீர்கள். "பெடியனுக்கு வேறை தலைப்புக் கிடைக்கேல்லையோ" எண்டு பின்னாலை ஒரு ஐயா சொல்றதும் கேக்குது. ஐயா, கடைசி வரைக்கும் கேளுங்கோ. நாயில் தொடங்கினாலும் எங்கட வீட்டு வாசலுக்குத்தான் வந்து சேருவேன்.

எங்கள் மாடிக் கட்டடத்தில், எங்கள் கதவுக்கு எதிர்க் கதவில் ஒரு சுவீடன் நாட்டு அம்மா தனிய இருக்கிறார். எழுபது வயது தாண்டியவர். நாங்கள் குடிவந்த புதிதில், எனக்கு மொழி சரியாக வராத காலத்தில், கந்தோரிலிருந்து வரும் கடிதங்களை வாசித்து விளங்கப்படுத்தியவர் அவர்தான். என்ரை மகள் அவரை "மொர்மோர்" என்று கூப்பிடுவாள். சுவீடிஷ் மொழியில் அம்மாவின் அம்மா என்று அர்த்தம். எங்கட அம்மம்மாதான். அவர் வளர்க்கும் நாயின் பெயர் மோலி. பூடில் இனம். சுருட்டை மயிர், மெல்லிய கால். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மகள்தான் அதை உலாத்தக் கூட்டிக்கொண்டு போவாள்.

இரண்டு மாரிக்கு முன்பு மோலி ஒரு மாதிரி மாறிவிட்டது. பகலில் நல்லாத்தான் ஓடும். ஆனால் இந்த நாட்டில் மார்கழியில் பின்னேரம் மூன்று மணிக்கே பொழுதுபட்டுவிடும் அல்லவா, அந்த நேரம் படியிறங்க மாட்டேன் என்று நிற்கும். மகள் இழுப்பாள், அது காலை ஊன்றிக்கொண்டு நிற்கும். "மோலி கள்ளம் பண்ணுது அப்பா" என்று மகள் முறையிடுவாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இன்னொன்றையும் கவனித்தேன். கார் வெளிச்சம் பட்டால் அதின்ரை கண் முன்னையிலும் பார்க்கப் பளீர் என்று மின்னும். அதன் காரணம் எனக்கு அப்போது தெரியாது.

பிறகு பகலிலும் கதிரைக் காலில் முட்டத் தொடங்கியது. கடந்த வருடம் இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே கதைதான் சொன்னார்கள். கண்புரை, வெட்டி எடுத்தால் பார்வை வந்துவிடும். எங்கட ஊரில் ஆச்சிமாருக்குக் கண்புரை எடுத்து, அடுத்த நாள் "மேனே, உன்ரை முகம் வடிவாத் தெரியுதடா" என்று சொன்னதை நாங்கள் கண்டிருக்கிறோம்தானே. மொர்மோரும் தன்னுடைய சேமிப்பை எடுத்து ஒப்பரேசன் செய்ய ஆயத்தமானார். அவருக்கு இப்போது கார் ஓட்ட இயலாது. நான் லீவு போட்டுக்கொண்டு கூட்டிப் போனேன்.

மிருகக் கண் வைத்தியர் ஒரு பெண். மோலியின் கண்ணை லைற் அடித்துப் பார்த்துவிட்டு, "கத்தி வைக்க முதல் விழித்திரையைக் கேட்டுப் பார்க்க வேண்டும்" என்றார். எனக்கு அந்தப் பேச்சுப் பிடித்துக்கொண்டது. கேட்கிறதா? நாயிடமா?

அவர் சொன்ன விளக்கம் இதுதான். கண் ஒரு கமெரா மாதிரி. முன்னால் வில்லை, பின்னால் பிலிம் மாதிரி விழித்திரை. கண்புரை என்பது வில்லை வெளுத்துப்போவது. வில்லையை மாற்றலாம். ஆனால் பின்னால் இருக்கும் பிலிம் பழுதாகியிருந்தால் முன்னால் எவ்வளவு நல்ல வில்லை வைத்தும் படம் விழாது. சாதாரணமாகக் கண்ணுக்குள் லைற் அடித்து விழித்திரையைப் பார்ப்பார்கள். மோலிக்கோ வெள்ளை மறைக்கிறது, உள்ளே ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சத்துக்குக் கண்மணி சுருங்குகிறதே, அது போதாதா என்று நான் கேட்டேன். போதாது என்றார். விழித்திரையில் பெரும்பகுதி தேய்ந்த பிறகும் கண்மணி சுருங்கும். மனிதராக இருந்தால் எழுத்துப் பலகையைக் காட்டி "இது என்ன எழுத்து" என்று கேட்கலாம். வாயில்லாச் சீவனை என்ன கேட்கிறது?

அதற்குத்தான் ஈ.ஆர்.ஜி. என்ற சோதனை. தமிழில் விழித்திரை மின்வரைவு என்று சொல்லலாம். இருதயத்துக்கு ஈ.சி.ஜி. எடுப்பது உங்களுக்குத் தெரியும். அதே மாதிரி இது விழித்திரைக்கு. வெளிச்சம் பட்டவுடன் விழித்திரையில் ஒரு சின்ன மின் மாற்றம் எழும். அதை அளந்து கோடாக வரைந்து பார்க்கிறார்கள்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஏனென்றால் நான் தொழிற்சாலையில் செய்கிற வேலை இதுதான். ஒரு வயர்க்கட்டில் நூறு வயர் இருக்கும். கறுப்பு நாடா சுற்றினால் உள்ளே ஒன்றும் தெரியாது. ஒரு முனையில் கரண்டைக் கொடுத்து மறுமுனையில் மீற்றரை வைத்துப் பார்ப்போம். மீற்றர் அசைந்தால் உள்ளே இணைப்பு உண்டு. அசையாவிட்டால் எங்கேயோ அறுந்திருக்கிறது. கண்ணில் கரண்டுக்குப் பதிலாக வெளிச்சத்தைக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

வைத்தியர் என்னையும் உள்ளே இருக்க விட்டார். அங்கே கண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் கண்மணி நன்றாக விரிய மருந்துத்துளி விட்டார்கள். பிறகு மோலிக்கு மயக்க மருந்து கொடுத்தார்கள். அது அசைந்தால் தசைநாரில் எழும் மின்சாரம் கண்ணின் மின்சாரத்தை மூடிவிடும் என்பதற்காக. கண்ணின் கருவிழிமேல் லென்ஸ் மாதிரி ஒரு மின்வாயைப் பசை தடவி வைத்தார்கள். கண்ணின் வெளி ஓரத்தில் தோலுக்குள் மெல்லிய ஊசி ஒன்று. தலையின் பின்பக்கத்தில் இன்னொன்று, அது நிலத்தொடுப்பு. எங்கட வீட்டுக் கரண்டுக்கு ஏர்த் அடிக்கிற மாதிரி.

பிறகு அறையை இருட்டாக்கினார்கள். ஒரு மங்கல் சிவப்பு லைற் மட்டும். இருபது நிமிடம் அப்படியே இருந்தோம். ஏன் என்று சொல்கிறேன். ஏ.எல். படித்தவர்களுக்கு ஞாபகம் வரும், விழித்திரையில் இரண்டு வகைக் கலங்கள். கோல்கள், கூம்புகள். கோல்கள் மங்கல் வெளிச்சத்துக்கு, இரவுப் பார்வைக்கு. கூம்புகள் பகல் வெளிச்சத்துக்கு, நிறத்துக்கு. வெளிச்சத்திலிருந்து வந்த கோல்கள் திரும்பத் தங்கள் முழுப் பலத்துக்கு வர நேரம் வேண்டும். படம் ஓடும் கொட்டகைக்குள் பிந்திப் போனால் முதலில் கதிரை தெரியாது, பிறகு மெல்ல மெல்லத் தெரியும். அதே விசயம். சிவப்பு வெளிச்சத்தைக் கோல்கள் பெரிதாகக் கணக்கெடுப்பதில்லை, அதனால் அந்த லைற்.

பிறகு மிக மங்கலான வெளிச்ச மின்னல் ஒன்று. அது கண் சிமிட்டும் நேரத்திலும் மிகக் குறைவு. இது கோல்களுக்கான கேள்வி. அடுத்து பலமான மின்னல். இது கோல், கூம்பு இரண்டையும் சேர்த்துக் கேட்பது. அதன் பின் அறையில் வெளிச்சத்தைப் போட்டுச் சில நிமிடம் விட்டார்கள். அந்த வெளிச்சத்தில் கோல்கள் செயலிழந்து நிற்கும். இப்போது கூம்புகளை மட்டும் தனியாகக் கேட்கலாம். கடைசியாக ஒரு நொடிக்கு 30 தடவை விட்டு விட்டு மின்னும் வெளிச்சம். அவ்வளவு வேகத்துக்குக் கோல்களால் ஈடுகொடுக்க இயலாது, கூம்புகளால் இயலும். ஒரே கண்ணுக்குள் இரண்டு பேரைப் பிரித்து வைத்து விசாரிக்கிற கெட்டித்தனத்தைப் பாருங்கள்.

நல்ல கண் என்றால் திரையில் கோடு முதலில் ஒரு சின்னப் பள்ளமாக இறங்கும். அதற்கு ஏ அலை என்று பெயர். அது கோல், கூம்புக் கலங்கள் தருவது. உடனே கோடு பெரிய மேடாக எழும்பும். அது பீ அலை. அது அடுத்த வரிசையில் இருந்து செய்தியை வாங்கிக் கடத்தும் கலங்களால் வருவது. பள்ளம் வந்து மேடு வராவிட்டால், முதல் இணைப்புச் சரி, இரண்டாவது இணைப்பில் பிழை என்று அர்த்தம். நாயின் நல்ல கண்ணில் அந்த மேட்டின் உயரம் வெறும் சில நூறு மைக்ரோ வோல்ற்தான். மைக்ரோ வோல்ற் என்றால் ஒரு வோல்ற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ரோர்ச் பற்றறியின் ஒன்றரை வோல்ற்றோடு ஒப்பிட்டால் சில ஆயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு சின்ன மின்சாரத்தில்தான் நாங்கள் உலகத்தைப் பார்க்கிறோம்.

வெள்ளை படர்ந்த கண்ணுக்குள் வெளிச்சம் எப்படிப் போகும் என்று நீங்கள் கேட்கலாம். கண்புரை வெளிச்சத்தை முற்றாக மறைப்பதில்லை, சிதறடிக்கிறது. பனி பிடித்த ஜன்னல் கண்ணாடி மாதிரி. வெளியே ஆள் யார் என்று தெரியாது, ஆனால் விடிந்துவிட்டது என்று தெரியும். இந்தச் சோதனைக்கு அது போதும். படம் தேவையில்லை, வெளிச்சம் மட்டும் போதும்.

மோலியின் முறை வந்தது. மங்கல் மின்னல். கோடு அசையவில்லை. பலமான மின்னல். அசையவில்லை. வெளிச்சம் போட்டுப் பார்த்தார்கள். விட்டு விட்டு மின்னியும் பார்த்தார்கள். ஆடிய மாதிரியும் ஆடாத மாதிரியும் ஒரு கோடு. மற்றக் கண்ணும் அப்படித்தான். மீற்றர் பிடித்துப் பழகிய எனக்கு அதை வைத்தியர் சொல்லத் தேவையிருக்கவில்லை.

மோலிக்கு இருந்தது பி.ஆர்.ஏ. என்ற பரம்பரை வருத்தம். விழித்திரை படிப்படியாகத் தேய்ந்து போவது. முதலில் கோல்கள் போகும், பிறகு கூம்புகள் போகும். அதனால்தான் முதலில் இரவு தெரியாமல் போய், பிறகு பகலும் தெரியாமல் போனது. நாயின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி மின்னும் ஒரு படலம் உண்டு. விழித்திரை மெலிய மெலிய அந்த மினுக்கம் கூடத் தெரியும். கார் வெளிச்சத்தில் நான் கண்டது அதுதான். கண்புரையும் தனியாக வந்ததல்ல. பூடில் போன்ற இனங்களில் விழித்திரை தேயும்போது வில்லையிலும் புரை படர்வது வழக்கமாம். அந்த வெள்ளையை வெட்டி எடுத்திருந்தால் காசும் போயிருக்கும், நாயும் நொந்திருக்கும், பார்வை ஒரு துளியும் வந்திராது.

மொர்மோர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அதற்கு நோகுமா?" நோகாது என்றார் வைத்தியர். "அப்ப சரி" என்று மோலியின் தலையைத் தடவினார்.

எல்லா நாய்க்கும் முடிவு இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். நீரிழிவு வந்த நாய்களில் பெரும்பாலானவற்றுக்குக் கண்புரை மிக விரைவாக வரும். அந்தக் கண்ணில் அலை நன்றாக எழுந்தால் நம்பிக்கையோடு ஒப்பரேசன் செய்யலாம், பார்வை திரும்பும். இன்னொரு வருத்தம் உண்டு. நேற்றுவரை நன்றாக இருந்த நாய், சில நாளில் முற்றாகக் குருடாகிவிடும். உள்ளே பார்த்தால் விழித்திரை வடிவாக, ஒரு குறையும் இல்லாததுபோல இருக்கும். மீற்றர் வைத்தால் கோடு நேராக ஓடும். விழித்திரை திடீரென்று செயலிழந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு இன்னும் நிச்சயமான வைத்தியம் இல்லை. இன்னொரு நாயும் அதே மாதிரித் திடீரென்று குருடாகும், ஆனால் அலை நன்றாக எழும். அப்படியென்றால் விழித்திரை சரி, அதற்குப் பின்னால் பார்வை நரம்பிலோ மூளையிலோ கோளாறு. நரம்பு அழற்சியாக இருந்தால் மருந்து கொடுத்துப் பார்க்க இடம் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு நாயும் ஒன்றுதான். கோடு மட்டும்தான் பிரித்துக் காட்டும்.

இந்தச் சோதனையின் எல்லையும் அதிலேயே தெரிகிறது. அது விழித்திரையை மட்டும்தான் கேட்கும். பார்வை என்பது அதற்கு அப்பால் மூளை வரை போகிற விசயம். என்னுடைய மேசையிலும் வயர் சரி என்றால் வயர் மட்டும்தான் சரி. லைற் எரியுமா என்பது வேறு கேள்வி.

இனி எங்கட வீட்டு வாசலுக்கு வருகிறேன்.

வெளிக்கிடும்போது வைத்தியர் மொர்மோரிடம், "முதன்முதலில் இருட்டில் தடுமாறியது எப்போது" என்று கேட்டார். இரண்டு மாரிக்கு முன்பு என்று நான்தான் பதில் சொன்னேன். சொல்லும்போதே எனக்குப் பெரியண்ணையின் ஞாபகம் வந்துவிட்டது.

பெரியண்ணை என்றால் என்ரை பெரியப்பாவின் மகன். என்னிலும் எட்டு வயது மூப்பு. பெரியப்பாவும் பெரியம்மாவும் சொந்த மச்சான், மச்சாள். நாங்கள் சின்னவர்களாக இருந்தபோது யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. ஜாம் போத்தலில் கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்கு. அந்த வெளிச்சத்தில் பெரியண்ணை சோற்றுக் கோப்பையைத் தட்டிவிடுவார், வாளியில் முட்டுவார். "கவனமில்லாதவன்" என்று பேச்சு விழும். 1995 ஐப்பசியில் வலிகாமம் முழுக்க ஒரே இரவில் வெளிக்கிட்டோமே, அந்த இரவு எனக்கு ஆறு வயது. மழை, சனம், இருட்டு. நாவற்குழிப் பாலத்துக்குப் போகும் வழியெல்லாம் பெரியண்ணை எங்கட அப்பாவின் சைக்கிள் கரியரைப் பிடித்தபடி விழுந்து விழுந்து வந்தார். "கண்ணைத் திறந்து நடவன்ரா!" என்று பெரியம்மா கத்தினது இன்றைக்கும் காதில் கேட்குது. பாவம், அவர் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார்.

இப்போது அவர் நோர்வேயில் இருக்கிறார். இரண்டு பிள்ளைகள். விடியப்புறம் மூன்று மணிக்குக் கார் எடுத்துப் பேப்பர் போடுகிற வேலை. விளங்குகிறதா உங்களுக்கு? மாரி இருட்டில், தனிய, கார் ஓடுகிறார்.

அன்று இரவே ரெலிபோன் எடுத்தேன். "அண்ணை, இரவிலை கார் ஓடேக்கை உங்களுக்குக் கண் வடிவாத் தெரியுதோ?" என்று கேட்டேன். "ஏன்ரா, உனக்கு ஆர் சொன்னது?" என்றார். தெரியாது என்று சொல்லவில்லை, ஆர் சொன்னது என்றுதான் கேட்டார். நான் மோலியின் கதையைச் சொன்னேன். "என்னை நாயோடை ஒப்பிடுறியோ" என்று கோவித்துப் போனை வைத்துவிட்டார். மூன்று கிழமை கதைக்கவில்லை. நாலாம் கிழமை அவரே எடுத்தார். வீதியோரம் நின்ற ஒரு மனுசியை மயிரிழையில் தவறவிட்டிருக்கிறார். அடுத்த நாள் டொக்டரிடம் போயிருக்கிறார்.

அவருக்கும் ஈ.ஆர்.ஜி. எடுத்தார்கள். மனிதருக்கு மயக்க மருந்து இல்லை, கதிரையில் இருக்கலாம். மற்றபடி அதே இருட்டறை, அதே காத்திருப்பு, அதே மின்னல். கோல்களின் அலை ஏறக்குறைய இல்லை. கூம்புகளின் அலை குறைந்து, ஆனால் இன்னும் இருக்கிறது. ரெற்றினைற்றிஸ் பிக்மென்ரோசா என்று பெயர் சொன்னார்கள். உலகத்தில் ஏறத்தாழ 4000 பேருக்கு ஒருவருக்கு இது இருக்கிறதாம். மோலிக்கு வந்ததும் இதே குடும்பத்து வருத்தம்தான். அவர் இப்போது காரை விற்றுவிட்டார். பகல் வேலை ஒன்றுக்கு மாறிவிட்டார். சம்பளம் குறைவு. மனம் உடைந்துதான் இருந்தார். ஆனால் ஒன்று சொன்னார்: "நாப்பது வருசமா நான் கவனமில்லாதவன் எண்டுதான் நானே நினைச்சனான் தம்பி." இதை இங்கே சொல்ல அவரிடம் அனுமதி வாங்கித்தான் வந்தேன்.

இது எப்படி வருகிறது? மோலிக்கு வந்த வகையில் பின்னிடைவான ஒரு பரம்பரையலகுதான் காரணம். தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று, இரண்டும் பழுதாக வந்தால்தான் வருத்தம். ஒன்று மட்டும் பழுதானவருக்கு ஒன்றும் தெரியாது, சுகமாக இருப்பார். அப்படிப்பட்ட இருவர் சேர்ந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. நாய் வளர்ப்பவர்கள் சுருட்டை மயிரும் வடிவும் கெடக் கூடாது என்று இனத்துக்குள்ளேயே சோடி சேர்த்தார்கள். வடிவோடு வருத்தமும் சேர்ந்து வந்தது. நாங்கள் காணி வெளியிலை போகக் கூடாது, சொந்தம் விட்டுப் போகக் கூடாது என்று சேர்த்தோம். மச்சாளைக் கட்டிய எல்லோருக்கும் இப்படி வரும் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் சுகமாகத்தான் பிறக்கிறார்கள். ஆனால் குடும்பத்தில் மாலைக்கண் உள்ள ஒருவர் இருந்தால் அதை மறைத்துச் சம்பந்தம் பேசுவது சரியா என்று யோசியுங்கள்.

இந்தச் சோதனை பிறந்ததும் நாங்கள் தஞ்சம் புகுந்திருக்கும் இந்த நாட்டில்தான். 1865இல் உப்சாலாவில் ஹொல்ம்கிரென் என்ற உடற்றொழிலியலாளர், தவளையின் கண்ணில் வெளிச்சம் பட்டதும் மின் மாற்றம் எழுவதைக் கண்டார். சில வருடத்தின் பின் ஸ்கொட்லாந்தில் டீவார் என்பவரும் மெக்கென்றிக் என்பவரும் தனியாக அதையே கண்டார்கள். நாங்கள் இன்று பிளாஸ்கில் ரீ கொண்டு வந்தோமே, அதற்கு மூலமான வெற்றிடக் குடுவையைச் செய்தவரும் அந்த டீவார்தான். ஸ்ரொக்ஹோமில் வேலை செய்த பின்லாந்துக்காரர் கிரானிற், இந்த அலை எந்தெந்தப் பகுதிகளால் ஆனது என்று பிரித்துக் காட்டியவர். விழித்திரை ஆராய்ச்சிகளுக்காக 1967இல் வேறு இருவரோடு நோபல் பரிசு பெற்றார். அந்த இருவரில் ஒருவரான வால்ட் என்பவர், பார்வைக்கு விற்றமின் ஏ எப்படி உதவுகிறது என்று கண்டுபிடித்தவர். முருங்கையிலை சாப்பிடு, கண்ணுக்கு நல்லது என்று ஆச்சி சொன்னதன் விஞ்ஞானம் அது. நாய்களில் இந்த வருத்தத்தை முதலில் எழுதி வைத்ததும் சுவீடன்காரர்தான். நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. கோர்டன் செற்றர் என்ற வேட்டைநாய்களில் மக்னுசன் என்பவர் கண்டார்.

கடைசியாக ஒரு நல்ல செய்தி. 1989இல் நார்ஃப்ஸ்ட்ரோம் என்ற சுவீடன் மிருக வைத்தியப் பெண்மணி, இங்குள்ள பிரியார்ட் இன நாய்களில் பிறவியிலேயே இரவுப் பார்வை இல்லாத ஒரு குறையை விவரித்தார். ஈ.ஆர்.ஜி.தான் அதைக் காட்டிக்கொடுத்தது. அந்த நாய்களில் ஆர்.பி.ஈ. 65 என்ற பரம்பரையலகு பழுதாகியிருப்பதைப் பத்து வருடத்துக்குள் கண்டுபிடித்தார்கள். விற்றமின் ஏயைப் புதுப்பித்துத் திரும்பப் பார்வைக் கலங்களுக்குக் கொடுக்கும் வேலை அதற்குரியது. அதே அலகு பழுதானால் மனிதக் குழந்தைகளும் பார்வையில்லாமல் வளர்வார்கள். 2001இல் அமெரிக்காவில் நல்ல அலகை ஒரு தீங்கில்லாத வைரசில் ஏற்றி அந்த வகை நாய்களின் கண்ணுக்குள் ஊசியால் செலுத்தினார்கள். விழித்திரைக்கு அடியில் ஊசி போட்ட கண்ணில் அலை எழுந்தது. போடாத கண்ணில் எழவில்லை. நாய் மங்கல் வெளிச்சத்தில் தடைகளை விலத்தி நடந்தது. லான்சலொட் என்ற நாயை அமெரிக்கக் காங்கிரசுக்கே கூட்டிப்போய்க் காட்டினார்கள். 2007இல் மனிதரில் பரீட்சித்தார்கள். 2017இல் அமெரிக்காவிலும் 2018இல் ஐரோப்பாவிலும் அது மருந்தாக அனுமதிக்கப்பட்டது.

ஆனால் பொய் நம்பிக்கை தரக் கூடாது. அது அந்த ஒரு அலகின் பழுதுக்கு மட்டும்தான் மருந்து. மாலைக்கண் தரும் அலகுகள் எத்தனையோ உண்டு. பெரியண்ணைக்கு வந்தது வேறு. அவருக்கு இன்று மருந்து இல்லை. ஆனால் எந்த அலகு என்று பதிந்து வைத்திருக்கிறார்கள். நாளைக்கு ஒன்று வந்தால் அழைப்பார்கள். சோதிக்காதவரை யாரும் அழைக்கப் போவதில்லை.

அன்பானவர்களே, நான் கேட்பது மூன்று விசயம்.

ஒன்று, உங்கள் வீட்டில் பொழுதுபட்ட பிறகு தடுமாறும் ஒரு பிள்ளையோ பெரியவரோ இருந்தால் பேசாதீர்கள். டொக்டரிடம் சொல்லுங்கள். எல்லா மாலைக்கண்ணும் பரம்பரை அல்ல, விற்றமின் ஏ குறைந்தும் வரும், அது மாற்றக்கூடியது. எது என்று சோதித்துத்தான் தெரியும். தாங்களாகவே மாத்திரை வாங்கிப் போடவும் வேண்டாம்.

இரண்டு, குடும்பத்தில் இப்படி ஒருவர் உண்டு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். இது வெட்கம் இல்லை, பாவம் செய்த பலனும் இல்லை.

மூன்று, இங்கே இப்போது எங்கட பிள்ளைகளும் நாய் கேட்கிறார்கள். குட்டி வாங்கும்போது தாய் தகப்பன் நாய்களுக்குக் கண் சோதித்ததா, பரம்பரையலகு சோதித்ததா என்று கேளுங்கள். கண்புரை ஒப்பரேசன் என்றால் காசு கட்ட முதல் "விழித்திரையைக் கேட்டுப் பார்த்தீர்களா" என்று கேளுங்கள்.

மோலி இன்னும் சந்தோசமாகத்தான் இருக்கிறது. மொர்மோர் வீட்டில் ஒரு கதிரையைக்கூட இடம் மாற்றுவதில்லை. மோலி எல்லாவற்றையும் மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறது. மகள் உலாத்தக் கூட்டிப் போகும்போது காலில் கொலுசு போட்டுக்கொண்டு போகிறாள். சத்தத்தைப் பிடித்துக்கொண்டு மோலி பின்னால் வருகிறது. இருட்டிலும் இப்போது படியிறங்க மறுப்பதில்லை. கள்ளம் பண்ணுது என்று சொன்ன அதே பிள்ளைதான் "மெல்ல வா மோலி, இன்னும் மூண்டு படி" என்று சொல்லிக்கொண்டு போகிறாள்.

பெரியண்ணையின் பிள்ளைகளும் இப்போது இரவில் அவருக்குக் கையைக் கொடுத்துத்தான் நடக்கிறார்களாம்.

பிறக்கப்போகும் புத்தாண்டு எல்லோருக்கும் நல்ல சுகத்தையும் நல்ல வெளிச்சத்தையும் தரட்டும் என்று வாழ்த்தி விடைபெறுகிறேன்.